நேர்கோட்டில் போகாத சைக்கிள்

இந்தக் கட்டுரையை ஒரு மன்னிப்போடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை தன் நோட்டில் உண்மையை எழுதியிருந்தாள். அதைத் தவறு என்று அடித்துவிடப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்கு முன்பு மூன்று மாதமாக, மாலை வகுப்புக்குத் தாமதமாக வருகிறாள் என்று அவளைத் திட்டியவர்களும் நாங்கள்தான்.

திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்றின் காலனியில் நாங்கள் மூன்று பேர் மாலை நேரப் படிப்பு மையம் நடத்திவருகிறோம். கிராமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும். சமுதாயக் கூடத்தின் மொட்டை மாடியில் ஏறினால் தணிகை மலைக்கோயிலின் விளக்குகள் தெரியும். ஒரு பக்கம் அரக்கோணம், இன்னொரு பக்கம் நகரி. எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசுகிறவர்கள்.

1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம் பற்றி எல்லோருக்கும் தெரியும். திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, வரைபடத்தில் எல்லைக்கோடு நகர்ந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிற கோடு மட்டும் அன்றும் நகரவில்லை. அது எந்த வரைபடத்திலும் இல்லாத கோடு. இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது. ஆனால் நாங்கள் அதைத் தேடிப் போகவில்லை. நியூயார்க் நகரத்துச் சைக்கிள் கணக்கைப் பார்க்கப் போய் அதில் முட்டிக்கொண்டோம்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிற எங்கள் பழைய மாணவர்கள் சிலர் வந்து, "டேட்டா அனலிடிக்ஸ் கத்துக்கணும், வேலை விளம்பரத்துல எல்லாம் அதான் கேக்கறாங்க" என்றார்கள். சென்னையில் அதற்கு வாங்குகிற கட்டணத்தை இவர்களின் வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாது. எங்களிடம் இருந்தது யாரோ கொடுத்த இரண்டு பழைய மடிக்கணினிகள். பயிற்சிக்கு இலவசமாக, யாருடைய பெயரும் இல்லாமல், பெரிய அளவில் கிடைக்கிற தரவு வேண்டும். இணையத்தில் இதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் அதிகம் பயன்படுத்துவது பொதுச் சைக்கிள் பகிர்வுத் திட்டங்களின் பயணப் பதிவுகளைத்தான். நாங்களும் அதையே எடுத்தோம்.

பொதுச் சைக்கிள் பகிர்வு என்றால் வேறொன்றுமில்லை. நகரத்தில் பல இடங்களில் சைக்கிள் நிலையங்கள் இருக்கும். ஒரு நிலையத்தில் எடுத்து, ஓட்டிப்போய், இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். 1965இல் ஆம்ஸ்டர்டாமில் வெள்ளை அடித்த சைக்கிள்களைத் தெருவில் விட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சில இளைஞர்கள் தொடங்கிய யோசனை இது. 2007இல் பாரிஸ், 2013இல் நியூயார்க் என்று பரவியது. நம் பக்கத்தில் 2017இல் மைசூரில் 'டிரிண் டிரிண்' வந்தது. 2019இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் சென்னையிலும் வந்தது.

நியூயார்க்கின் 'சிட்டி பைக்' நிறுவனம் ஒவ்வொரு மாதமும் தன் பயணப் பதிவுகளை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. ஒரு பயணத்துக்கு ஒரு வரி. எப்போது எடுத்தார்கள், எப்போது விட்டார்கள், எந்த நிலையம் என்று வரிசையாக இருக்கும். பழைய கோப்புகளில் எத்தனை வினாடி, சைக்கிளின் எண் என்ன என்பதும், பிறந்த ஆண்டும் ஆணா பெண்ணா என்பதும்கூட இருக்கும். எக்செலில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதால், பனிக்காலத்தில் பயணம் குறைந்திருந்த 2014 பிப்ரவரி மாதத்துக் கோப்பை எடுத்தோம். 2,24,736 வரிகள். மடிக்கணினி அதற்கே மூச்சு வாங்கியது.

முதல் பாடம், மணிக்கு எத்தனை பயணம் என்று எண்ணிப் படம் வரைவது. வேலை நாட்களில் காலையில் ஒரு மேடு, மாலையில் ஒரு மேடு. ஒட்டகத்தின் முதுகுபோல வந்தது. சனி, ஞாயிறுகளில் நடுப்பகலில் ஒரே மேடு. "நம்ம ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரியேக்கா இருக்குது" என்றான் ஒருவன். அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் ரயில் ஏறுகிறவர்களின் வண்டிகளைத் தினமும் பார்க்கிறவன் அவன். எண்கள் பேசும் என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அடுத்து ஆண், பெண் கணக்கு. ஆண்களின் பயணம் 1,76,526. பெண்களின் பயணம் 41,479. மீதிக்குக் குறிப்பில்லை. "அங்கயும் பொண்ணுங்க கம்மிதானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அமெரிக்காவைப் பற்றி அவள் வைத்திருந்த படம் கொஞ்சம் கலைந்தது. கலையட்டும் என்று விட்டோம்.

மூன்றாவது பாடம் வரைபடம். நிலையங்களைப் புள்ளிகளாக வைத்து, எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதைக் கோடுகளாக வரைந்தோம். மன்ஹாட்டன் தீவின் தெற்குப் பாதி கோடுகளால் கறுத்துப்போனது. சென்ட்ரல் பார்க்கின் தெற்கு விளிம்பைத் தாண்டி வடக்கே ஒரு புள்ளி இல்லை. அந்த வடக்கில்தான் ஹார்லெம் இருக்கிறது. கறுப்பின மக்களின் வரலாற்றில் பெரிய பெயர். "அங்க யாரும் சைக்கிள் ஓட்டமாட்டாங்களா?" என்றார்கள். ஓட்டுவார்கள். 2014இல் அங்கே நிலையம் வைக்கவில்லை, அவ்வளவுதான். பிராங்க்ஸ் பகுதிக்குத் திட்டம் போய்ச் சேர்ந்தது 2020இல். நிலையம் இல்லாத இடத்திலிருந்து பயணம் தொடங்க முடியாது. பயணம் இல்லாவிட்டால் பதிவில் வரியும் இருக்காது. பிறகு யாரோ ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்து 'இந்தப் பகுதியில் தேவை குறைவு' என்று எழுதுவார். இந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள். காலனிக்குப் பேருந்து ஏன் வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் அவர்கள் கேட்ட பதில் அது.

நான்காவது கேள்வியை எங்களுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. பாலிடெக்னிக் படிக்கும் மாணவி ஒருத்தி சைக்கிள் எண்ணை வைத்து வரிகளை அடுக்கிப் பார்த்தாள். ஒரு சைக்கிளை ராத்திரி ஒரு நிலையத்தில் விட்டிருக்கிறார்கள். அதே சைக்கிளைக் காலையில் வேறொரு நிலையத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். "நடுவுல யாருக்கா தூக்கினு போனாங்க?" என்றாள்.

ஊழியர்கள்தான். ஒரு நிலையம் நிரம்பி வழியும், இன்னொன்று காலியாகும். லாரியில் ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாகச் சமன் செய்கிறார்கள். பராமரிப்புக்காக ஊழியர்கள் மேற்கொள்ளும் பயணங்களை நீக்கிவிட்டுத்தான் பதிவை வெளியிடுகிறோம் என்று அந்த நிறுவனமே குறிப்பு எழுதியிருக்கிறது. ஆக, 2,24,736 வரிகளில் அந்தத் தொழிலாளி இல்லை. ஒரு பயணம் முடிந்த இடத்துக்கும் அடுத்தது தொடங்கிய இடத்துக்கும் நடுவே இருக்கிற ஓட்டையில் மட்டும் இருக்கிறார். அந்த மாணவியின் அம்மா துப்புரவுப் பணி செய்கிறவர். ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் விடிவதற்குள் தெருக்களைச் சுத்தமாக்குகிறவர்களில் ஒருவர். எத்தனை காவடி வந்தது, எத்தனை பேர் 365 படி ஏறினார்கள் என்றெல்லாம் பேசுவார்கள். அந்த மறுநாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதை நாங்கள் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

இதன் பிறகு நம் நாட்டுக் கணக்கையும் பார்க்கலாம் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தோம். வேலைக்கு எதில் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்ற கேள்வியை அந்த முறை கேட்டார்கள். நடை, சைக்கிள், பேருந்து என்று பிரித்து அட்டவணையும் போட்டார்கள். ஆனால் அந்த அட்டவணை 'இதர தொழிலாளர்'களுக்கு மட்டும். விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் அதில் இல்லை. எங்கள் காலனியில் விடியற்காலையில் தூக்குவாளியோடு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். அவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

அப்போதுதான், நம் பயணத்தை நாமே எழுதினால் என்ன என்று தோன்றியது.

எங்கள் மையத்துக்கு வரும் மேல்நிலைப் பள்ளி மாணவிகளில் எட்டுப் பேரிடம் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி இருந்தது. அந்தத் திட்டத்தின் வரலாறு இன்று பலருக்கு மறந்துவிட்டது. 2001-02இல் அது பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கான திட்டமாகத்தான் தொடங்கியது. பிறகுதான் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்குச் சைக்கிள் என்பது உடற்பயிற்சியும் இல்லை, சுற்றுச்சூழல் பாதுகாப்பும் இல்லை. யாரையும் கேட்காமல் வீட்டைவிட்டு வெளியே போய்வர முடியும் என்பதுதான் அது.

எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தோம். எங்கே கிளம்பினோம், எத்தனை மணிக்கு, எங்கே போய்ச் சேர்ந்தோம், எத்தனை மணிக்கு என்று நியூயார்க் பதிவைப் போலவே கட்டம் போட்டார்கள். கோடு போடும்போது ஒருத்தி, "எந்த வழின்னு ஒரு கட்டம் போடலாமாக்கா? மழைன்னா நான் வேற வழியில போவேன்" என்றாள். போடு என்றோம். பெரிதாக யோசித்துச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து நோட்டுகளைக் கணினியில் ஏற்றினோம். ஐந்து பேர் மெயின் ரோடு வழியாகத் திருத்தணிக்குள் இருக்கும் பள்ளிக்குப் போகிறவர்கள். அவர்களின் நேரமும் தூரமும் பொருந்தின. மூன்று பேர் எதிர்த்திசையில் இருக்கும் பள்ளிக்குப் போகிறவர்கள். சுமார் நான்கு கிலோமீட்டர். அதில் இரண்டு பேர் தினமும் 20 நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாமவள் 38, 40, 37, 38, 39 என்று எழுதியிருந்தாள். படத்தில் மற்ற புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கம் கூட்டமாக இருக்க, இவளுடையது மட்டும் தனியே மேலே நின்றது.

இந்த மாதிரிப் புள்ளியை என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் ஏற்கெனவே பாடம் நடத்தியிருந்தோம். நியூயார்க் கோப்பில் ஒரு பயணம் பத்து மணி நேரம் நீடித்ததாக இருந்தால், சைக்கிளை நிலையத்தில் சரியாகப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டுச் சராசரி பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். 'தரவைச் சுத்தம் செய்தல்' என்று அதற்குப் பெயர். அதே பழக்கத்தில், "இவ கடிகாரம் தப்பா இருக்கும், இல்லன்னா எங்கயாவது நின்னு பேசிட்டுப் போயிருப்பா, எடுத்துடலாம்" என்றார் எங்களில் ஒருவர். மற்ற இருவரும் தலையாட்டினோம். மூன்றில் இரண்டு பேர் 20 என்று எழுதியிருக்கும்போது மூன்றாமவள்தானே தவறாக இருக்க வேண்டும்?

அழிப்பதற்கு முன் கடைசிக் கட்டத்தைப் பார்த்தோம். எந்த வழி? 'ஏரிக்கரை', 'ஏரிக்கரை', 'ஏரிக்கரை'. ஐந்து நாளும். மழையே பெய்யாத வாரம் அது.

அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டோம். இங்கே அவளை மலர் என்று அழைக்கிறோம். அது அவள் பெயர் இல்லை. வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஊர்த்தெருவுல போனா சீக்கிரம் போயிடலாங்க்கா. புது சைக்கிள் குடுத்த வாரம் அப்படித்தான் போனேன். அங்க திண்ணையில ஒக்காந்துனு இருந்த ஒருத்தரு, எறங்கித் தள்ளினு போன்னு சொன்னாரு. கூட இருந்தவங்க சிரிச்சாங்க. நான் எறங்கித் தள்ளினு போனேன். மறுநாள்லேர்ந்து ஏரிக்கரையில சுத்தினு போறேன்."

வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டோம். "சொன்னா அப்பா சண்டைக்குப் போவாரு. இல்லன்னா ஸ்கூலே வேணாம்னுடுவாரு. ரெண்டுல எது நடந்தாலும் எனக்குத்தான்க்கா கஷ்டம்."

எங்களிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. தினமும் லேட் என்று திட்டியவர்களிடம் எப்படிச் சொல்வாள்?

மற்ற இரண்டு பேரையும் கேட்டோம். அவர்களும் ஏரிக்கரை வழியாகத்தான் போகிறார்கள். பிறகு ஏன் 20 என்று எழுதினீர்கள்? "மேப்புல அவ்ளோதான்க்கா காட்டுது. கரெக்டா எழுதணும்னு நெனச்சோம்." வழிக் கட்டத்தை இருவரும் காலியாக விட்டிருந்தார்கள். அதையும் நாங்கள் கவனித்திருக்கவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர், எது எங்களுக்குச் சரியாகத் தெரியுமோ அதை எழுதினார்கள். ஒருத்தி மட்டும் நடந்ததை எழுதினாள். அவளுடைய புள்ளியைத்தான் நாங்கள் அழிக்கப் பார்த்தோம்.

எங்களில் சமூகவியல் முதுகலை படித்தவர்கள் ஊர், சேரி என்று பிரித்து வரைந்த கிராம வரைபடத்தைப் பாடத்தில் பார்த்தவர்கள்தான். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறோம். அந்த வரைபடத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் சைக்கிள் ஓட்டிப் போவாள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நியூயார்க் வரைபடத்தில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு நாங்கள் நேர்கோடு போட்டோமே, அந்தக் கோட்டுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. போகிறவருக்கு எந்தத் தெருவும் தடையில்லை, அவர் குறுக்கு வழியில்தான் போவார் என்ற நம்பிக்கை. கைபேசியின் வரைபடமும் அதே நம்பிக்கையில்தான் 'ஊர்த்தெரு வழியாக 18 நிமிடம்' என்று காட்டுகிறது. அதற்குத் திண்ணை தெரியாது.

பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஊர்த்தெரு வழியாக 18 நிமிடம். ஏரிக்கரை வழியாக 38. ஒருவழிக்கு 20 நிமிடம் கூடுதல், போய்வர 40 நிமிடம். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் 8,000 நிமிடம், அதாவது 133 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரப் பள்ளி என்றால் 22 பள்ளி நாட்கள். சாதி இந்தப் பிள்ளையிடம் ஒவ்வொரு ஆண்டும் 22 நாள் வசூலிக்கிறது. எந்த அரசாங்கமும் போடாத வரி. சேறும் முள்ளும் நிறைந்த கரையில், நவம்பர் மாதத்து மாலை இருட்டில், தனியாகப் போகிற பயம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

மலரின் ஆயாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எங்க காலத்துல அந்தத் தெருவு வந்தா செருப்பக் கையில எடுத்துக்குவோம். இதுங்களுக்கு சைக்கிளா? அப்ப இன்னா மாறிச்சு?" என்று கேட்டார்.

சட்டம் மாறியிருக்கிறது, ஆயா. 1924இலேயே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையும் தெருவும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சாலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள்; திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொது இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புத்தாடை உடுத்துவதையும், திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்று சொல்கிறது. மிதிவண்டி என்ற சொல்லை ஒரு நாட்டின் சட்டம் தனியே எடுத்து எழுத வேண்டியிருந்தது என்றால், எத்தனை தெருக்களில் எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார்கள்? ஆயா கையில் எடுத்த செருப்பும் பேத்தி தள்ளிக்கொண்டு போன சைக்கிளும் ஒரே உட்பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

சட்டம் தெரிந்த நாங்கள் என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களுக்குள் சண்டை வந்தது. புகார் கொடுத்தே தீர வேண்டும் என்றார் ஒருவர். மனுவும் எழுதினோம். மலர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "நாளைக்கி அந்தத் தெருவுல நான்தானக்கா போவணும்" என்றாள். நாங்கள் போகப் போவதில்லை என்பதை அவள் நினைவூட்ட வேண்டியிருந்தது. மனு இன்னும் பீரோவில் இருக்கிறது. அவள் கேட்கிற நாளில் எடுப்போம்.

வரைபடத்தையாவது வெளியிடலாம் என்றார் இன்னொருவர். நேர்கோடும் அவள் போகும் சுற்றுக்கோடும் அருகருகே. ஒரு படம் ஆயிரம் பேரை உலுக்கும் என்பது உண்மைதான். எங்களுக்கும் ஆசை இருந்தது. ஆனால் பயணத் தரவு என்பது பெயரை எடுத்துவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2014இல் நியூயார்க் நகரம் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்ஸிப் பயணங்களின் பதிவை, வண்டி எண்களை மறைத்துத்தான் கொடுத்தது. அந்த மறைப்பைச் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். 2018இல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில், சிப்பாய்கள் ஓடிய தடங்களை வைத்து இராணுவ முகாம்களின் உள்ளமைப்பையே பார்த்துவிட்டார்கள். பெரிய இராணுவங்களுக்கே அந்தக் கதி. எங்கள் கிராமத்தில் ஏரிக்கரையில் தினமும் மாலை ஒரே நேரத்தில் தனியாகச் சைக்கிளில் வருகிற பெண் யார் என்று கண்டுபிடிக்கக் கணினியே வேண்டாம். அந்தப் படம் உலகத்துக்கு அநீதியைக் காட்டுவதற்கு முன்னால், கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு அவளுடைய நேரத்தையும் இடத்தையும் காட்டிவிடும். அதனால்தான் இங்கே வரைபடம் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, நாங்கள் தந்த தூரமும் திசையும்கூடக் கொஞ்சம் மாற்றியவைதான்.

ஏரிக்கரைக்குத் தார் போட்டு விளக்கு வைக்கச் சொல்லிக் கிராமசபையில் கேட்கலாம் என்ற யோசனையும் வந்தது. காலனிப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடித்தது, வம்பில்லாத வழி. அதை மறுத்தவர்கள் அம்மாக்கள். "தனிச் சுடுகாடு இருக்குது, தனிக் கோயில் இருக்குது, தனி ரோடும் வாங்கித் தரப்போறீங்களா?" என்று மலரின் அம்மா கேட்டார். கரைக்கு விளக்கு வேண்டும், அது வயலுக்குப் போகிறவர்களுக்கு. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இருக்கிற தெருவே போதும் என்பது அவர் கட்சி. அதற்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

முடிவை அம்மாக்களும் பிள்ளைகளும்தான் எடுத்தார்கள். மலரின் அப்பாவை அம்மாவே பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒரு திங்கட்கிழமை காலை மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஊர்த்தெரு வழியாகப் போனார்கள். எங்களில் இருவர் சற்றுத் தள்ளிப் பின்னால் சைக்கிளில் போனோம். திண்ணையில் ஆட்கள் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் நாள் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். முன்னால் போன மலர் திரும்பிப் பார்க்காமல் பெல்லை அடித்தாள். வழியில் யாரும் இல்லை. ஆனாலும் அடித்தாள். ஒரு வாரம் கழித்து நாங்கள் பின்னால் போவதை நிறுத்திவிட்டோம்.

வெற்றி என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. நோட்டு தொடர்கிறது. மூன்று பேரும் சேர்ந்து போகிற நாட்களில் மலரின் நேரம் 18, 19, 18. மற்ற இரண்டு பேரில் ஒருத்தி வராவிட்டாலும் 20க்குள் இருக்கிறது. இருவருமே வராத நாளில் மறுபடி 38, வழி, ஏரிக்கரை. ஒரு பொதுத்தெருவில் போவதற்கு ஒரு குடிமகளுக்கு இன்னும் துணை வேண்டியிருக்கிறது என்பதை அந்த இரண்டு விதமான எண்கள் வாரா வாரம் எழுதிவைக்கின்றன. என்றைக்கு அவள் தனியாகப் போகிற நாளிலும் 18 என்று வருகிறதோ, அன்றைக்கு எழுதுகிறோம்.

மற்ற ஊர்களில் இதுபோல் மையம் நடத்தும் தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளையும் பயணக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது 'எந்த வழி' என்ற கட்டத்தை மறக்காதீர்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், பிள்ளைகள் சம்மதிக்காமல் யாருக்கும் காட்டாதீர்கள். நாளைக்கே திருத்தணிக்கும் பொதுச் சைக்கிள் திட்டம் வரலாம். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் மலையடிவாரத்திலும் நிலையம் வைப்பார்கள். காலனியில் வைக்க வேண்டும் என்று நாம் கேட்டால், தரவு எங்கே என்பார்கள். அன்றைக்குக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

மலரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "பரவால்லக்கா, அந்தப் புள்ளிய அழிக்கலையே" என்றாள். அவள் இப்போது மாலை வகுப்புக்கு அநேகமாக நேரத்துக்கு வந்துவிடுகிறாள். தாமதமாக வருகிற நாளில், ஏன் லேட் என்று நாங்கள் கேட்பதில்லை. எந்த வழி என்று கேட்கிறோம்.

ஜெய்பீம்.